மாமா கட் தாண்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் ஒரு கம்பெனி இருந்தது. ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி என்பதுதான். அடுத்த கேள்வி, பர்மனென்டா கான்ட்ராக்டா. என் தாய்மாமாவைப் பற்றி இந்த இரண்டுக்கும் அம்மாவால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. "டூர்ல ஆடறான்" என்பாள். அடுத்த வீட்டுத் திண்டுக்கல்காரர் அதை அரைகுறையாகக் காதில் வாங்கி, மாமா சுற்றுலா பஸ் ஓட்டுகிறார் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

மாமா கோல்ஃப் ஆடுவதைத் தொழிலாகக் கொண்டவர். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம் அம்மாவுடையது. எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்தில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று போனவர், அங்கேயே ஆடப் பழகி, தேர்வுப் போட்டியில் தேறித் தொழில்முறை ஆட்டக்காரரும் ஆகிவிட்டார். பிறகு கொல்கத்தா, சண்டிகர், அகமதாபாத் என்று தன் இடுப்பளவு உயரமுள்ள பையோடு ரயிலில் போய்வந்தபடி இருந்தார்.

போட்டி வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். இந்த ஆட்டத்தில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவருக்குத்தான் வெற்றி. முதல் இரண்டு நாள் கணக்கைப் பார்த்துப் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கட் என்று பெயர். மாமா பெரும்பாலும் வெள்ளிக்கிழமையே ரயிலேறிவிடுவார். கட் என்ற ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் நான்கு நாள் இழுக்கும் வேலையை என் மாமா இரண்டே நாளில் முடித்துவிடுவார் என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை.

நான் ஐந்தாவது படித்த வருடம் பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு போட்டி வந்தது. அதுவரை எந்தப் போட்டிக்கும் எங்களைக் கூப்பிடாத மாமா, வியாழக்கிழமை ஆட்டம் முடிந்ததும் போன் செய்தார். "நாளைக்கு மாமாவையும் கூட்டிட்டு வாக்கா. பாப்பா ஒருநாள் இஸ்கூல் போகாட்டி பரவால்ல."

அவர் மாமா என்றது என் அப்பாவை. அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பினார். அம்மா கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். அத்திப்பள்ளியில் பஸ் மாறி, வெயில் ஏறும் நேரத்துக்கு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு புல்லை, மாடே இல்லாமல், நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் பேசக் கூடாது என்றார்கள். அப்பாவுக்கு அது வசதியாக இருந்தது. வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நடந்தபடியே பாதித் தூக்கத்தில் இருந்தார்.

மாமா எங்களைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. வலது காலை அழுத்தி வைக்காமல் நடந்தார். அவருடைய பையைத் தூக்கிவந்தவர், அவரோடு சேர்ந்து பை தூக்கப் பழகிய கன்னடக்கார நண்பர். கடைசிக் குழிக்குப் போகும்போது அவர் எங்கள் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "இந்தக் குழிய நாலு அடில முடிச்சா உள்ள இருப்பான் அக்கா. அஞ்சாச்சுன்னா வீட்டுக்கு." கட் என்றால் என்னவென்று அம்மா அப்போதுதான் என் காதோடு காதாக விளக்கினாள். மாமாவின் வெள்ளிக்கிழமைகளை எல்லாம் நினைத்துப் பார்த்து எனக்கு அவமானமாகிவிட்டது.

முதல் அடியிலேயே பந்து மரங்களுக்கு அடியில் போய் நின்றது. குழி இருந்த இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு குளம். நண்பர் சின்ன மட்டையை எடுத்து நீட்டினார். பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே கொண்டுவந்துவிடு என்கிறார் என்று புரிந்தது. மாமா வெகுநேரம் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சின்ன மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே வேறொன்றை உருவிக்கொண்டார். பந்து கிளைகளுக்கு அடியில் தாழப் போய், எழும்பி, தண்ணீரைத் தாண்டி அக்கரைப் புல்லில் விழுந்தது. அம்மா என் கையை நசுக்கிவிட்டாள். அங்கிருந்து உருட்டிய பந்து குழிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. நான்காவது அடியில் உள்ளே விழுந்தது. பத்திருபது பேர் கைதட்டினார்கள்.

மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை எதுவும் உறுதியில்லை என்று மரநிழலில் காத்திருந்தோம். அப்பா புல்லில் படுத்துத் தூங்கிப்போனார். மாமா பெஞ்சில் உட்கார்ந்து, குனிய முடியாமல், "பாப்பா, இந்த லேஸக் கொஞ்சம் அவுத்து வுடு" என்றார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் ஷூவைக் கழற்றுவது எனக்குப் பெருமையாக இருந்தது. கணுக்கால் வீங்கி, சாக்ஸின் வரிகள் தோலில் பதிந்திருந்தன. சாயங்காலம் நண்பர் ஓடிவந்து, உள்ளே என்றார். அம்மா அழுதாள். மாமா ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் ஆடலாம் மாமா" என்றேன்.

"ஆமா பாப்பா. இன்னும் ரெண்டு நாள் நடக்கணும்."

நடந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டியலின் அடியில்தான் அவர் பெயர் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. பொங்கல் கழிந்து அப்பாவின் கம்பெனியில் ஸ்டோர்ஸில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அந்த வேலை பற்றிய பேச்சு முதன்முதலில் வந்தது அந்த வெள்ளிக்கிழமை மாலையில்தான். எங்களை வழியனுப்ப மாமா பஸ் நிறுத்தம் வரை நொண்டிக்கொண்டே வந்தார். அம்மா ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"மாமா, உங்க கம்பெனில எதனா வேல இருந்தா கேட்டுப் பாருங்க. ஸ்டோர்ஸோ வாட்ச்மேனோ, எதுன்னாலும் சரி."

அப்பாவின் தூக்கம் கலைந்துவிட்டது. "இன்னிக்கிப் போயி ஏன் மாப்ள இதப் பேசற?"

"இன்னிக்கித்தான் மாமா கேக்க முடியுது."

அப்பா அவர் தோளில் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. அம்மாவிடம் ஓடி, ஜெயித்துவிட்டு யாராவது வேலை கேட்பார்களா என்றேன். அம்மா திரும்பி அவர்கள் இருவரையும் பார்த்தாள். பஸ் வந்துவிட்டது, கையைப் பிடித்துக்கொள் என்றாள்.