சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரர் குப்புராஜைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் மகன் முகிலன் கல்லூரி டீமில் பேஸ்பால் ஆடிய மூன்று வருஷமும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு மேட்ச் விடாமல் போனவர் அவர். வெயிலில் கருத்தார், தொண்டை கட்டிக்கொண்டது, கடையைப் பாதி நாள் பூட்டினார். ஆனால் மகன் ஒரு பந்தை அடித்து அவர் கண்ணால் பார்த்ததில்லை. பையன் பேட்டோடு வந்தால் இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு காம்பவுண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

எங்களுக்கு சிட்லபாக்கத்தில் பிளம்பிங் சாமான் கடை. குழாய் வாங்க வருகிறவர்கள் கிரிக்கெட் கதையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். இவருடைய குடும்பமே கிரிக்கெட் பைத்தியம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மேட்ச் அன்றைக்கு என் மாமனார் சமையலறை வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கி வைத்தபடி நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து நம் ஆள் சிக்ஸர் அடித்தானாம், அதனால் காலைக் கீழே வைக்கக் கூடாதாம். அவருடைய தம்பி பாத்ரூமுக்குள் போன நேரத்தில் ரன் வந்தது என்று வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். உள்ளே இருந்த மனிதரும் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். இது என்ன கூத்து என்று நான் சிரித்தேன். யாரும் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் ஒருநாள் வந்து, “காலேஜ் கிரிக்கெட் டீம்ல எடம் இல்லப்பா, பேஸ்பால்ல சேந்துட்டேன்” என்றான்.

“அது இன்னாடா ஆட்டம்? ஸ்டம்பு கூட கெடையாதாமே!” என்று இவர் குதித்தார். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாரிமுனைக்குப் போய், பந்து பிடிக்கப் போட்டுக்கொள்ளும் அந்தப் பெரிய தோல் உறையைத் தானே தேடி வாங்கி வந்தார். அது வலது கைக்கானது. வலது கையால் எறிகிறவன் உறையை இடது கையில்தான் போட வேண்டும் என்று முகிலன் சொன்னதற்கு, “சாப்புட்ற கையில புடிக்காம எந்தக் கையிலடா புடிப்ப?” என்று சண்டை போட்டார். அந்த உறை இன்றும் கடையில் சில்லறை போடும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆணி போட்டு வைத்திருக்கிறார்.

முதல் இரண்டு மேட்சையும் ஒழுங்காகத்தான் பார்த்தார். இரண்டிலும் முகிலன் காற்றை அடித்துவிட்டு வந்தான். மூன்றாவது மேட்சில் பையன் பேட்டோடு நிற்கும்போது ஒரு கஸ்டமர் போன் செய்தார். சத்தத்தில் கேட்கவில்லை என்று இவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பந்தைக் காணோம், அது காம்பவுண்டைத் தாண்டி யார் வீட்டு மாடிக்கோ போயிருந்தது. முகிலன் கையை விரித்துக்கொண்டு ஓடுகிறான், பையன்கள் எல்லாம் அவன் மேல் விழுகிறார்கள்.

இந்த மனிதர் முகத்தில் அவருடைய அப்பாவின் முகம் வந்து உட்கார்ந்திருந்தது.

“கோகிலா, புரியுதா? நான் பாத்தா அவுட்டு. பாக்கலன்னா அடிக்கிறான்.”

“உங்க தலை. போன் வந்துச்சு, திரும்புனீங்க, அவ்ளோதான்.”

“கஸ்டமரு ரூபத்துல ஆண்டவன் பேசுனான்டி” என்றார். அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்காருவார், நான் பக்கத்தில் நின்று மைதானத்தைப் பார்த்து நடப்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு என்ன தெரியும்? “அடிச்சுட்டான்! ஓடுறான்! அய்யோ, இன்னொருத்தனும் ஓடுறான்! எல்லாரும் ஓடுறாங்க!” என்பேன். “யாரு எங்க ஓடுறான்னு சொல்லுடி, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி சொல்ற” என்று சுவரிடம் திட்டுவார். பிறகு நான் கற்றுக்கொண்டேன். ஸ்ட்ரைக், ஃபவுல் எல்லாம் எனக்கு அத்துப்படியானது. மூன்று முறை தவறவிட்டால் அவுட் என்பதும், அந்த மூன்றாவது பந்தைப் பின்னால் குந்தியிருக்கும் கீப்பரும் கோட்டைவிட்டால் ஆடுகிறவன், பந்து வந்து சேருவதற்குள் முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, ஓடிப் பிழைக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். பார்க்காமல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு மட்டும் கடைசிவரை ஆட்டம் முழுசாகத் தெரியாது.

நாங்கள் உட்காருவது எப்போதும் முதல் பேஸுக்குப் பக்கத்தில், கயிற்றுக்கு வெளியே. ஒருமுறை பந்து பறந்து வந்து இவருடைய நாற்காலிக் காலை உடைத்தது. கோச் ஃபிரெடி சார் ஓடிவந்து, “சார், மேட்சைப் பார்க்குறதுன்னா பாருங்க. முதுகைக் காட்டி உட்காருவேன்னா தலைக்கு எதையாவது மாட்டுங்க. எனக்கு பேஜார் பண்ணாதீங்க” என்றார். அடுத்த மேட்சுக்கு இவர் கட்டிட வேலை செய்பவர்கள் போடும் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். அதோடு, உடைந்த காலுக்குப் பைப் வைத்துக் கட்டிய நீல நாற்காலி, வெள்ளைச் சட்டை, கையில் நீர்மோர் பாட்டில். எதிர் டீம் பையன்கள் இவரைக் கட்டிட இன்ஜினியர் என்று நினைத்து, “சார், இந்தச் சுவத்துல இன்னா பிரச்சினை?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

சிரித்தேனே தவிர, எனக்கு ஆதங்கமும் உண்டு. என் பிள்ளை பேட்டைத் தோளில் சாய்த்து நிற்கும் அழகை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருக்கும் மனிதர் காதால் மட்டும் வாங்கிக்கொண்டு, “எவ்ளோ தூரம் போச்சு? மரத்தத் தாண்டுச்சா?” என்று கேட்பார். தாண்டியது என்றால் சுவரைப் பார்த்துச் சிரிப்பார். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கடைசி வருஷம், மாவட்ட ஃபைனல். ஊரப்பாக்கத்தில் ஒரு மைதானம். கல்லூரி டீமுக்காக முகிலன் ஆடும் கடைசி மேட்ச் அது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நாங்கள் ஒரு ரன் பின்னால் இருக்கிறோம். எங்கள் பையன் ஒருவன் மூன்றாவது பேஸில் துடித்துக்கொண்டு நிற்கிறான். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், இன்னொருவன் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. அடுத்து வர வேண்டியவன் முகிலன்.

இவர் வழக்கம்போல எழுந்து நாற்காலியைத் திருப்பினார். ஹெல்மெட் வாரை மாட்டினார். முகிலன் பேட்டை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போகாமல் எங்களிடம் வந்தான்.

“அப்பா, இந்தப் பக்கம் திரும்பி உக்காரு.”

“டேய், வெளயாடாத. தோத்துடுவோம்டா.”

“தோத்தா தோத்துட்டுப் போவோம். மூணு வருஷமா பேட்டப் புடிச்சிகினு நிமுந்தா உன் முதுகுதான்பா தெரியுது. இன்னிக்கு ஒரு நாள் பாரு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவர் அப்படியே நின்றார். மைதானத்தில் அம்பயர் கூப்பிடுகிறார், ஃபிரெடி சார் நகத்தைக் கடிக்கிறார், இந்த மனிதர் சுவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “புள்ள தோத்துட்டா என்னால தாங்க முடியாது கோகிலா” என்றார். நான் நாற்காலியைப் பிடுங்கி மைதானத்தைப் பார்த்துப் போட்டு, தோளை அழுத்தி உட்கார வைத்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாலி கட்டிய அன்றைக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அப்போதுதான்.

முதல் பந்து. முகிலன் சுழற்றினான், படவில்லை. “பாத்தியா, நான் சொல்லல?” என்று எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

இரண்டாவது பந்து. டக்! பந்து பேட்டில் பட்டு, கோட்டுக்கு வெளியே, யாருக்கும் உதவாத பக்கமாகப் பறந்தது. ஃபவுல். கணக்குப்படி அதுவும் தவறவிட்ட மாதிரிதான். ஆனால் இவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

“அடிச்சான்டி! என் புள்ள அடிச்சான்! இந்தக் கண்ணால பாத்தேன்டி!”

“அது கணக்குல வராதுங்க, இறங்குங்க!”

“வராட்டி போவுது! இன்னா அடி பாத்தியா!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

மூன்றாவது பந்து. முகிலன் முழு உடம்பையும் சுழற்றி வீசினான். காற்றுதான். எதிர் டீம் ‘ஹோ’ என்று கத்தியது. இவர், “போச்சு, என்னாலதான் போச்சு” என்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் பந்து கீப்பர் கையில் நிற்கவில்லை. அவன் காலுக்கு இடையில் நழுவித் தண்ணீர் டிரம் பக்கம் உருண்டது. முகிலன் பேட்டைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். நான் இவர் கையை முகத்திலிருந்து பிய்த்து எடுத்தேன். “முடியலங்க! ஓடுறான், நம்மகிட்டதான் ஓடி வர்றான், பாருங்க!”

பார்த்தார். பிள்ளை எங்களை நோக்கி, முதல் பேஸை நோக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவருகிறான். “வாடா! வாடா! வாடா!” என்று கயிற்றைப் பிடித்து ஆட்டுகிறார் இவர். கீப்பர் பந்தை எடுத்து எறிகிறான். முகிலன் பாய்ந்து மார்போடு மண்ணில் சறுக்கினான். செம்மண் எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது.

புழுதி அடங்கியபோது அம்பயர் கையை மடக்கி உயர்த்தியிருந்தார். அவுட். ஒரு விரல் அளவுதான் பாக்கி.

நான் பயந்துபோய் இவரைப் பார்த்தேன். வாயெல்லாம் மண், கண்ணெல்லாம் தண்ணீர். ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தில் எறிந்தார்.

“ஒரே பந்துல ரெண்டு வாட்டி அவுட் ஆனான்டி! எவனாவது ஆயிருக்கானா? என் புள்ள ஆனான்! எவ்ளோ அழகா ஆனான்!”

இவர் குதித்த குதியைப் பார்த்து எதிர் டீம் கோச் தங்கள் ஆள் என்று நினைத்துக் கட்டிப்பிடித்து, வாயில் ஒரு லட்டைத் திணித்தார். இவரும் மறுக்காமல் சாப்பிட்டார். முகிலன் மண்ணோடு எழுந்து வந்து, “பாத்தியாப்பா?” என்றான். “பாத்தேன்டா, பாத்தேன்டா” என்று அவன் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். தோற்ற டீமில் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனது நாங்கள் மட்டும்தான்.

இப்போது முகிலனுக்கு ஒரகடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி டீமில் ஆடுகிறான். இவர் கடையில் குழாய் வாங்க வருகிறவர்களுக்கு முக்கால் இஞ்ச் பைப்பை வீசி அந்த டபுள் அவுட்டை நடித்துக் காட்டுகிறார். ஒரு டியூப்லைட் உடைந்தாயிற்று.

ஃபைனல் முடிந்த அன்றைக்குச் சட்டையைத் துவைக்கப் போடும்போது, அந்த மூன்றாவது பந்தை ஏன் விட்டான் என்று முகிலனைக் கேட்டேன். நேராக வந்த லேசான பந்து என்று எனக்கே தெரிந்திருந்தது.

“அடிக்கத்தாம்மா போனேன். அப்ப அப்பா மூஞ்சி கண்ணுல பட்டுச்சு. மஞ்ச ஹெல்மெட்ட மாட்டிகினு, வாயப் பொளந்துகினு, கையெடுத்துக் கும்புட்டுகினு கீறாரு. சிரிப்பு வந்துடுச்சும்மா.”

ஆக, அவர் பார்த்ததால்தான் அவுட். அத்தனை நாளும் அந்த மனிதர் சொன்னது அன்றைக்கு ஒரு நாள் நிஜமாகிவிட்டது. இதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலியை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். வருகிற ஞாயிறு பள்ளிக்கரணையில் மேட்ச் இருக்கிறது.