அறுபது நாள் மூடிய டிரம்

தாராபுரத்துக்குத் தெற்கே கதிர்வேலின் ஆட்டுப்பண்ணையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் பாவாத்தாள். பிறந்த குட்டிக்குச் சீம்பால் ஊட்டுவது முதல் பால் மறந்த குட்டிக்குத் தீவனம் வைப்பது வரை எல்லாம் அவள்தான்.

ஓர் ஐப்பசியில் கதிர்வேல் மக்காச்சோளத்தில் சைலேஜ் போட்டார். காற்றுப் புகாமல் டிரம்மில் அடைத்துப் புளிக்க வைக்கும் தீவனம். அவரோ சோளத்தை உடைக்காமல் முழுசாகக் கொட்டினார். மூடியையும் சரியாக இறுக்கவில்லை. திறந்தபோது மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"இதக் குட்டிக்கு வெக்க வேண்டாமுங்க. வாடையே சரியில்லீங்க" என்றாள் பாவாத்தாள்.

"மேலாப்புல வழிச்சுப்போட்டு வெய்யி. எனக்குத் தெரியும்."

ஒரு வாரத்துக்குள் பதினான்கு குட்டிகள் கழுத்து சாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்து விழுந்து செத்தன. பால் சொசைட்டி வாசலில் ஊரே கேனோடு நிற்கும்போது கதிர்வேல் சொன்னார்: "அவ கை சுத்தமில்ல. அதான் குட்டியெல்லாம் போச்சு."

அவர் சொன்னது கையை அல்ல, சாதியை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அதன்பின் அவள் தெருப் பெண்கள் யாரையும் எந்தப் பண்ணையிலும் தீவனம் தொட விடவில்லை.

பாவாத்தாள் அழவில்லை. அந்த வாயாலேயே அதை மாற்றிச் சொல்ல வைக்கவேண்டும் என்று நினைத்தாள். காதுத் தோட்டை விற்று மூன்று பெட்டை ஆடுகள் வாங்கினாள். பிறகு கால்நடை மருந்தகத்தில் டாக்டர் பிரவீனா முன்னால் போய் நின்றாள்.

"அந்தக் குட்டிக எதனால செத்துச்சுங்க, டாக்டரம்மா?"

"காத்துப் பூந்து கெட்டுப்போன சைலேஜ்னாலதாங்க. உங்க கையில ஒண்ணுமில்ல."

சோளத்தை ஒன்றிரண்டாக உடைக்கவேண்டும், ஈரம் அளவாக இருக்கவேண்டும் என்று பிரவீனா விளக்கினார். பாவாத்தாள் தானே போட்ட முதல் டிரம்மில் தண்ணீர் போதாமல் புளிக்கவே இல்லை. இரண்டாவதில் தண்ணீர் கூடிப்போய் நாறியது. ஒவ்வொரு முறையும் அறுபது நாள் காத்திருக்கவேண்டும். அவள் காத்திருந்தாள், கோபம் அவளை ஓயவிடவில்லை.

மூன்றாவது முறை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், தண்ணீர் சொட்டாது என்கிற பதம் வந்தது. அதைக் காலால் மிதித்து அடைத்து, மூடியைச் சுற்றி ரப்பர் டியூபை இழுத்துக் கட்டினாள். திறந்தபோது தோசைமாவு போல இதமான புளிப்பு வாசம் வந்தது. கடலைப்புண்ணாக்கோடும் வேலிமசால் தழையோடும் கலந்து, முதலில் ஒரு பிடி, பிறகு மெல்லக் கூட்டி வைத்தாள். குட்டிகளுக்கு முதுகு நிறைந்தது.

மூன்று வருடத்தில் அவள் பட்டி நிறைந்தது. கோவை உக்கடத்திலிருந்து வரும் ஆட்டு வியாபாரி கரீம் கதிர்வேலின் பண்ணையைத் தாண்டி அவள் வாசலுக்கு வந்தார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தீவனம் கேட்டு வந்தார்கள். அவள் தெருப் பெண்கள் ஆறு பேர் டிரம் மிதித்தார்கள்.

கடைசியில் கதிர்வேலும் வந்தார். பால் மறந்த குட்டிகள் அவரிடம் தேறவில்லை.

"ரெண்டு டிரம் குடுங்க, பாவாத்தா." அவளிடம் அவர் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க கை சுத்தமில்லீங்களே."

அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

"சொசைட்டி வாசல்ல வந்து சொல்லுங்க. நான் வேண்டாம்னேன், நீங்கதான் வெக்கச் சொன்னீங்கன்னு. அதே கூட்டம் இருக்கறப்பச் சொல்லோணுமுங்க."

மறுநாள் காலை அவர் சொன்னார். குரல் எழவில்லை. "கேக்கலீங்க" என்றாள் அவள். மறுபடியும் சொன்னார்.

டிரம் கொடுத்தாள், ஆனால் பக்குவம் சொல்லித்தரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறாள். அவர் மட்டும் மாதாமாதம் வந்து வரிசையில் நிற்கவேண்டும். முதலில் வந்தாலும் அவருக்குக் கடைசியாகத்தான் ஏற்றுவாள்.

"இன்னுமா கோவம் தீரல?" என்று பிரவீனா ஒருமுறை கேட்டார்.

"தீரலீங்க, டாக்டரம்மா. தீரோணும்னு ஆசையுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, பாவாத்தாள் அடுத்த டிரம்மில் இறங்கி மிதிக்கத் தொடங்கினாள்.