பன்னிரண்டாவது நிலவறை

எங்கள் அண்ணையைப் போல அந்த விளையாட்டை விளையாடத் தெரிந்த ஆள் கோப்பாயில் வேறு இல்லை. தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னதுதான்.

அது இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு வீடியோ கேம். கப்பலில் வேலை செய்த மாமா, சண்டையால் கொழும்புப் பாதை மூடுவதற்கு முன் கொண்டுவந்து தந்தது. அதற்குள் வாள் பிடித்த சின்ன மனிதன் ஒருவன். அவன் நிலவறைக்குள் இறங்குவான். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பன்னிரண்டு நிலவறை. வந்த பெட்டியில் படம் போட்டிருந்ததால் எண்ணிக்கை தெரியும். ஒரே உயிர். செத்தால் திரும்ப முதலாவது அறை. அதுவும் போன தரம் பார்த்த அறையாக இருக்காது. வாசல் மாறியிருக்கும், பேய் மாறியிருக்கும். பாடமாக்கிப் பிரயோசனமில்லை.

அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றறி கொண்டுவரத் தடை. இருந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்துக் காயவைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினோம். பிறகு அவையும் செத்தன. ரேடியோ கேட்க ஊரில் எல்லாரும் செய்ததையே அண்ணையும் செய்தார். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கேமுக்குக் கொடுத்தார். நடுவில், பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு சின்னச் சாமான்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர் விளையாடலாம். சுற்று மெதுவானால் திரை அணைந்துவிடும், திரும்ப முதலாவது அறை. வேகம் கூடினால் கேமே எரிந்துவிடும் என்று அண்ணை பயப்படுத்தி வைத்திருந்தார். திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பொழுது படும் வரைதான் விளையாட்டு.

சுற்றுவது நான். எனக்கு ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினாறு.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த பிள்ளைகள் எல்லாரும் பழக வருவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பிழைதான் விடுவார்கள். பேயைக் கண்டவுடன் வெட்டுவார்கள். அண்ணை பக்கத்தில் குந்தியிருந்து சொல்லுவார்.

"வெட்டாதை. முதல் அது கையைத் தூக்கட்டும். எத்தினை எண்ணித் தூக்குது எண்டு பார். ஒவ்வொண்டுக்கும் ஒரு கணக்கிருக்கு."

முன்வீட்டுப் பெடியன் ஒருவன், நல்ல மொத்தமான உடம்பு, முதலாவது அறையைத் தாண்டவே மாட்டான். "அண்ணை, உது என்னைக் கண்ட உடனை கடிக்குது" என்று முறைப்பாடு சொன்னான்.

"உன்னைக் கண்டா ஆருக்குத்தான் கடிக்க மனம் வராது?"

மருந்துப் போத்தல் கிடைத்தால் எல்லாரும் முதல் காயத்திலேயே குடித்துவிடுவோம். அண்ணை ஏழாவது அறை வரை தொடமாட்டார். காயத்தோடு நடக்கப் பழகவேண்டும் என்பார். காணுகிற பெட்டியையெல்லாம் திறக்கக் கூடாது. மூலைக்குள் போகக் கூடாது. ஓடுவதென்றால் வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் ஓடவேண்டும். கேமில் செத்த பிள்ளைகள், நான் மெதுவாகச் சுற்றியதால்தான் செத்தோம் என்று என்னை ஏசுவார்கள். அண்ணை ஒரு நாளும் ஏசவில்லை. தான் செத்தால், எதனால் செத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திரும்பத் தொடங்குவார். "வலப்பக்கம் பாக்கேல்லை." அவ்வளவுதான். இன்றைக்கும் என் சோறு அடிப்பிடித்தால் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாத்திமார் சொன்னதில் இந்தளவு நினைவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கூத்துப் பிடிக்காது. அப்பா கொழும்பில் வேலை, பாதை மூடியதால் வரமுடியாமல் நின்றார். தோட்டம் முழுக்க அம்மாவின் தலையில். "ரயர் தேயுது. உந்தச் சைக்கிளிலைதான் திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் போகவேணும், கண்டியளோ" என்று ஒவ்வொரு நாளும் கத்துவார்.

வெங்காயம் கிண்டிய கிழமை அண்ணையின் கூட்டாளி ஒருவர் இயக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டில் சொல்லவில்லை. அந்த நாட்களில் பின்னேரங்களில் பள்ளிக்கூட வளவில் இயக்கத்தார் ஆள் சேர்க்கக் கூட்டம் வைப்பார்கள். கூட்டம் பார்க்கப் போனவர், வரவில்லை. அவருடைய தாய் எங்கள் கிணற்றடியில் வந்திருந்து அழுதார். அம்மா அடுப்பை மூட்டினார். தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடித்து முடியும் வரை பக்கத்தில் நின்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா தோட்டத்திலிருந்து நேரத்தோடு வந்தார். கை கழுவினார். சைக்கிளடியில் வந்து நின்றார்.

"எழும்படி. நான் சுத்திறன்."

அண்ணையும் நானும் ஆளையாள் பார்த்தோம். அம்மா பலகையைப் போட்டு இருந்து பெடலைப் பிடித்தார்.

சுற்றுவதென்றால் அதுதான் சுற்று. மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் நின்றபிறகு, துலாவில் தண்ணீர் அள்ளித் தோட்டம் இறைத்த கை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டைனமோ ஒரே குரலில் பாடியது. திரை ஒரு தரமும் நடுங்கவில்லை. நான் சுற்றும்போது ஏழாவது அறையில் நின்ற அண்ணை, அன்றைக்கே ஒன்பதாவதில் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அம்மாதான். அம்மாவுக்கும் கேம் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

வாசல் படலையில் அண்ணையின் கூட்டாளிமாரின் சைக்கிள் மணி கேட்கும். "டேய் மச்சான், கூட்டத்துக்கு வாறியோ?"

"பொறடா, பத்தாவதிலை நிக்கிறன்."

அவர்கள் நின்று பார்ப்பார்கள். பிறகு போய்விடுவார்கள். அம்மா தலை நிமிர்த்தமாட்டார். சுழலும் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கேட்டார். "தம்பி, உது முடிஞ்சா பிறகு என்ன?"

"முடிஞ்சா முடிஞ்சதுதான் அம்மா. பிறகு ஆர் தொடுறது? உந்தச் சின்னனுகளுக்குக் குடுத்திடுவன்."

அம்மா அதே வேகத்தில் சுற்றினார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கே அண்ணை பதினோராவதைத் தாண்டிவிட்டார். செய்தி போய் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். படலையில் கூட்டாளிமார் இரண்டு பேர், சைக்கிளை விட்டு இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

"இண்டைக்குக் கூட்டத்துக்குக் கட்டாயம் வரச் சொன்னவை மச்சான்."

"பத்து நிமிசம். இதை முடிச்சிட்டு வாறன்."

பன்னிரண்டாவது நிலவறையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டோம். அறை முழுக்க ஒரே ஒரு பேய். ஆளைவிட மூன்று மடங்கு பெரிது. மொத்தப் பெடியன் கண்ணைப் பொத்திக்கொண்டான். அண்ணை வெட்டவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தார். இரண்டு காயம் பட்டும் வெட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஐந்து எண்ணிக் கை தூக்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். நாலில் உள்ளே போனார். ஒரு வெட்டு, வெளியே. திரும்ப நாலில் உள்ளே, திரும்ப வெட்டு. அப்படி ஒரு பொறுமையை நான் பெரிய மனிதர்களிடம்கூடப் பிறகு கண்டதில்லை. பேய் சின்னதாகிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்தச் சின்ன மனிதனின் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வெட்டு. நாங்கள் எல்லாரும் சத்தமாக எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று.

டைனமோ நின்றது.

திரை சிலேட்டுப் போல வெறுமையாகிவிட்டது. அம்மாவின் கை பெடலில் அப்படியே இருந்தது.

"கை சோர்ந்திட்டுது, தம்பி."

அண்ணை அம்மாவின் கையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு படலையைப் பார்த்தார்.

"நீங்கள் போங்கோடா" என்று கத்தினார். "நான் முதலிலை இருந்து தொடங்கவேணும்."

அவர்கள் போனார்கள். அம்மா உடனே சுற்றத் தொடங்கினார். கண் தெரியாமல் இருட்டும் வரை சுற்றினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வெங்காயம் பிடி கட்டும்போது பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"நான் சுத்தியிருந்தா அண்ணை முடிச்சிருப்பார்."

"ஓம்" என்றார் அம்மா. "முடிச்சிருப்பான்."

அப்படி ஒத்துக்கொள்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.