தம்பியும் அமெரிக்க அரசியலமைப்பும்

எனக்குத் தம்பி எழுதியிருக்க வேண்டிய நினைவு மலர் இது. முறை மாறி, அவருக்கு நான் எழுதுகிறேன்.

தம்பி யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். நான் சட்டம் படித்தேன். அவர் பள்ளியை முடிக்கவே நாட்டு நிலைமை விடவில்லை. ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்துவிட்டு லண்டன் வந்து மின்வேலை பழகினார். ஹரோவில் நம்மவர் வீடுகள் பலவற்றில் எரியும் விளக்குகள் அவர் பூட்டியவை. மனைவியை இளவயதிலேயே இழந்து, ஒரே மகளைத் தனியே வளர்த்தார். அவளுக்காகத் தலை பின்னவும் பழகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு. அதன்பின் தொலைக்காட்சியில் அமெரிக்க அரசியல் விவாதங்கள். அந்த நாட்டு அரசியலமைப்பு தனிமனிதனை அரசிடமிருந்து காப்பாற்றும் என்பது என் கட்சி. கல்லூரியில் மாணவருக்குக் கற்பித்ததை அவருக்கும் கற்பித்தேன்.

"அதெல்லாம் சரி அண்ணை. எயார்போட்டிலை நிக்கிறவன் அதை வாசிச்சவனோ?" என்பார்.

மகள் அமெரிக்காவில் ஆய்வு மாணவி. பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் பேசியதற்காக அவளுடைய விசாவை ரத்துச் செய்ய முயன்றார்கள். குடியுரிமை இல்லாதவருக்கும் பேச்சுரிமை உண்டா என்று திரையில் வாதாடியது இப்போது எங்கள் பிள்ளையின் கதையாயிற்று. அவள் வழக்குப் போட்டாள். நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள் என்று அவளுடைய சட்டத்தரணி எச்சரித்தார்.

அப்போதுதான் தம்பிக்குப் புற்றுநோய் முற்றியிருப்பது தெரிந்தது. தூரத்திலிருக்கும் பிள்ளைக்கு நோயை மறைப்பது நம்மவர் வழக்கம். அந்த வழக்கத்துக்கு நான் சட்டக் காரணமும் தேடிக் கொடுத்தேன்.

"அண்ணை, பிள்ளைக்குச் சொல்லுவமோ?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டார்.

"சொன்னா வெளிக்கிட்டு வந்திடுவாள். பிறகு திரும்பிப் போக ஏலாது. வெல்லுற வழக்கு, தீர்ப்பு வரட்டும்."

"அப்ப நான் கோர்ட்டைக் கேட்டுத்தான் சாகோணும் போல," என்று சிரித்தார். பிறகு கேட்கவில்லை.

அவள் தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம் வயிற்றுப்புண் என்றேன். தம்பியும் குரலைச் சரிசெய்துகொண்டு அதையே சொன்னார். தீர்ப்பு தள்ளிப்போனது. தம்பி போய்விட்டார். அவள் திரையில் பார்த்திருக்க, அவளுக்காகவும் நானே வாய்க்கரிசி போட்டேன்.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பன், பெரியப்பா. படிப்புப் போனாப் போகட்டும்," என்றாள்.

வருவதா, இருப்பதா என்று அவள்தான் தீர்மானித்திருக்க வேண்டும். தனிமனித உரிமையைப் பற்றி ஆயுள் முழுவதும் பேசிய நான் அந்த உரிமையை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க வழியில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த ஆண்டுத் திவசத்துக்கும் அவளால் வர இயலாது.

தம்பியைப் பராமரித்த தாதியர், சமைத்துக் கொண்டுவந்த அயலவர், கிரியைகளை நடத்தித் தந்த குருக்கள், கூட நின்ற உறவுகள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைப் பெறாமகளான அவளுக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்கோ பெரியப்பா. நான் மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் கடைசியிலை எழுதிப்போடாதேங்கோ," என்றாள்.

எழுதவில்லை.