பத்தாவது என்றொரு சாக்கு

எனக்குப் பொய் சொல்ல வராது. முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் என் மகளின் பரதநாட்டிய டீச்சரிடம் ஒரு பொய் சொன்னேன். "இந்த வருசம் பத்தாவது டீச்சர். டான்ஸை நிப்பாட்டிக்கிறோம்."

காரைக்குடியில் இதைச் சொல்லப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். பத்தாவது என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பாட்டு, நீச்சல், அத்தை வீட்டுக் காதுகுத்து, எதிலிருந்தும் பிள்ளையைக் கழற்றிவிட அந்த ஒரு வார்த்தை போதும். டீச்சர் வகுப்பிலும் ஒவ்வொரு ஜூனிலும் மூன்று நான்கு பேர் இப்படித்தான் நின்றுபோவார்கள். ஏழு வயதில் வந்து, ஆட்டம் உடம்பில் படிந்து வரும் நேரத்தில் போய்விடுவார்கள்.

என் உண்மைக் காரணம் ஒரு பட்டியல். அரங்கேற்றத்துக்கு டீச்சர் எழுதிக்கொடுத்தது. கண்டனூரில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்கு எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் வரவேண்டும். நான்கு பட்டு உடை, மேக்கப்புக்குத் தனி ஆள், அழைப்பிதழ், இலை போட்டுச் சாப்பாடு, தாம்பூலப் பை. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "மாப்பிள்ளை மட்டுந்தான் இதுல இல்ல" என்றார். சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. எங்களால் ஆகாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் பக்கம் விருந்தில் ஒரு குறை வந்தால் பேரன் காலம்வரைக்கும் பேசுவார்கள்.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை அறுத்தது. பல் தேய்க்கும்போதுகூட அவள் கால் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும். "காலைச் சும்மா வச்சுக்கடி" என்று ஒருநாள் கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைவிட எட்டு வயது சின்னவர்தான், ஆனால் கோபம் வந்தால் எனக்கே உதறும். உட்காரச் சொன்னேன்.

"உக்கார வரலக்கா. பள்ளிக்கூடத்துல இவதான் முதல் ரேங்க். ஆடுனதால மார்க்கு எங்க குறைஞ்சுச்சு? எட்டு வருசத்தை எப்படி நிப்பாட்டுறீக?"

"பரீட்சை இருக்குல்ல டீச்சர்" என்று இழுத்தேன். பின்னாலிருந்து மகள், "பரீட்சையெல்லாம் காரணமில்ல டீச்சர். அம்மா பொய் சொல்லுது" என்றாள்.

அடிப்பாவி! எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "ஆமா, பொய்தான். உங்க லிஸ்டுக்கு நாங்க எங்குட்டுப் போறது? உங்க அரங்கேற்றத்தை இப்படித்தான் நடத்துனாகளா?"

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எனக்கு அரங்கேற்றமே நடக்கலக்கா. படிச்சு சர்ட்டிபிகேட்தான் வாங்குனேன். எங்க அப்பாவால முடியல." விரலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டே மேலும் சொன்னார். "எனக்கு எப்படியெல்லாம் நடக்கணும்னு நெனச்சேனோ, அதைத்தான் லிஸ்டா எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். அப்ப, பத்தாவதுன்னு போன பிள்ளைகள்லாம்..."

அவருக்கே புரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வகுப்பு நடக்கும் மாடியிலேயே அரங்கேற்றம் வைத்தோம். பாட்டும் டீச்சர், தாளமும் டீச்சர். மிருதங்கத்துக்குத் தேவகோட்டையிலிருந்து ஒரு மாஸ்டர் பஸ்ஸில் வந்தார். போன வருடத்து உடையையே இடுப்பில் பிரித்துத் தைத்துக்கொடுத்தேன். வந்தவர்களுக்குச் சுண்டலும் காபியும். அரங்கேற்றத்திலேயே பெரிய உருப்படியான வர்ணத்தை மகள் முக்கால் மணி நேரம் ஆடினாள். ஓரிடத்தில் தடுமாறிச் சமாளித்தாள். எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

தில்லானாவும் மங்களமும் முடிந்து, டீச்சர் காலில் விழுந்து எழுந்தவள் அவர் கையிலிருந்த ஜோடித் தாளத்தை வாங்கிக்கொண்டாள். "இப்ப நீங்க ஆடுங்க டீச்சர். நான் போடுறேன்."

டீச்சர் முடியாது முடியாது என்றார். சின்னப் பிள்ளைகள் விடுவார்களா? கூச்சல் போட்டார்கள். கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சலங்கைகூடக் கட்டாமல், அலாரிப்புக்கு நின்றார். எந்த அரங்கேற்றத்திலும் முதலில் ஆடுவது அதுதான். என் மகள் ஜதி சொல்லச் சொல்ல அவர் ஆடினார். ஐந்தே நிமிடம். நான் வெட்கமே இல்லாமல் அழுதேன்.

முன்வரிசையில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளையின் அம்மா எழுந்தார். "ஜூன்ல நிப்பாட்டிரலாம்னு இருந்தோம் டீச்சர். இப்படின்னா எங்க பிள்ளைக்கும் வைக்கலாம். எப்ப வைப்பீக?"

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "செத்த இருங்கக்கா, என்னோடதே இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, அடுத்த உருப்படிக்கு நின்றார்.