வலது பட்டனும் மூவ்மெண்ட் ரெஜிஸ்டரும்

தலைநகரின் மயூர் விஹாரில் ஒரு அடுக்குமாடிச் சொசைட்டியின் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே கம்ப்யூட்டர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். கொஞ்சம் டைப்பிங் தெரியும், அவ்வளவுதான். செக்ரட்டரி மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையரானவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு ஃபைல் காணாமப் போச்சுன்னாலும் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்ச பொண்ணா பார்த்து வேலைக்கு வெச்சுண்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அன்றிலிருந்து மௌஸைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பேன்.

போதாததற்கு மூவ்மெண்ட் ரெஜிஸ்டர் என்று ஒன்று. சர்க்கார் ஆபீசில் காகித ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனால் எழுதி வைப்பார்களாம். அதே மாதிரி கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு எதை மாற்றினாலும் நீளநோட்டில் எழுத வேண்டும். எங்கிருந்து, எங்கே, யார். மாற்றுவதற்கு இரண்டு விநாடி, எழுதுவதற்கு இரண்டு நிமிஷம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த இந்திக்கார அண்ணன், எங்களுக்கு 'பையா', ஒருமுறை ரிப்பேருக்கு வந்தபோது எனக்கு ஒன்று காட்டிக்கொடுத்தார். இடது பட்டனை அழுத்தி இழுத்தால், கையை விட்ட இடத்தில் ஃபைல் விழுந்துவிடும். ஏன், எதற்கு என்று கேட்காது. வலது பட்டனால் இழுத்தால், விடும்போது ஒரு சின்னப் பட்டியல் வரும்: காப்பியா, நகர்த்தவா, வேண்டாமா? என்னை மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு வேறென்ன வேண்டும்! தப்பாகிவிட்டால் உடனே கன்ட்ரோலோடு இசட்டைத் தட்டு, கடைசியாகச் செய்தது திரும்பிவிடும் என்றும் சொன்னார்.

செக்ரட்டரிக்கு அது ஆகவில்லை. "வலது பட்டன் நமக்கு எதுக்கு? ஏதாவது ஆயிடும். தொடாதே."

பொதுக்குழு நோட்டீஸ் வீட்டுக்கு ஒன்றாக ஒரு வாரம் அடித்து ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். அன்றைக்குக் கடைசி நாள், நாலு மணிக்குள் ஃப்ளாப்பியில் ஏற்றி பிரிண்ட் கடைக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் முதலில் அது 'இந்த வருஷம்' என்ற ஃபோல்டருக்குள் போயாக வேண்டும், அவருடைய சட்டம் அப்படி. நான் வலது பட்டனில் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஜல்தி, ஜல்தி! நகரு" என்று மௌஸைப் பிடுங்கினார். இடது பட்டன். அவசரத்தில் வழியிலேயே வேறு எதன் மேலோ விட்டுவிட்டார். ஃபோல்டரைக் காணோம்.

"அரே! எங்கேம்மா? டெலீட் பண்ணிட்டியா?"

"மௌஸ் உங்க கையில இருக்கு சார்."

"அது தெரியறது. ஃபைல் எங்கே?"

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். காலி. 'இந்த வருஷ'த்திலும் இல்லை. என் வேலைக்கு வேறொருத்தி வந்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு, வந்துடும்" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"ஐயோ, வேணாம் சார்! கடைசியா செஞ்சதை அது மறந்துடும்." அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கன்ட்ரோல், இசட். ஃபோல்டர் பழைய இடத்தில் வந்து நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவர் மூச்சை விட்டார். விட்ட கையோடு, "எழுது" என்றார்.

"எங்கே போச்சுன்னு எழுதறது சார்?"

"தெரியலைன்னு எழுது."

"யாருன்னு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தானா நகர்ந்தது, தானா திரும்பித்துன்னு போட்டு நீ கையெழுத்துப் போடு."

மற்றதை எழுதினேன். 'யார்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, கையெழுத்தும் போடாமல் நோட்டை மூடிவிட்டேன். அப்புறம் மூன்று நாள் அவர் இருமினால்கூட என்னைக் கூப்பிடத்தான் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் நோட்டைத் திறந்தால், அந்தக் கட்டத்தில் அவருடைய இனிஷியல். ரொம்பச் சின்னதாக. அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு மையில் கோடு போட்டுப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதன் தலைப்பில் எழுதியிருந்தார்: எந்தப் பட்டன்?