ரிச்சர்டின் நெத்திலி அறிவிப்பு

பேனா மூடியைக் கடித்துக்கொண்டே 'ப்ராஹிபிட்டட்' என்பதை அடித்துவிட்டு 'நாட் அலவ்ட்' என்று எழுதுகிறார் ரிச்சர்ட். தாளைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்க்கிறார். அதையும் அடிக்கிறார். பக்கத்தில் காப்பி ஆடை கட்டிக் கிடக்கிறது.

அண்ணனூர் மின்ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தைத் தாண்டாதே, கம்பியைத் தொடாதே என்று சுற்றிலும் பலகைகள் மிரட்டிய இடத்தில் காலம் தள்ளியதால், 'கூடாது' என்பதை ஆங்கிலத்தில் சொல்வதில் அவருக்குத் தனி ருசி. அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளரான பிறகு அந்த ருசி முற்றிவிட்டது. லிஃப்ட், மாடிப்படி, மோட்டார் அறை என எங்கு திரும்பினாலும் அவர் லேமினேட் செய்து மாட்டிய அட்டைதான்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரம் வைத்திருக்கிறார். மோட்டார் சுவிட்சில் கைவைப்பவர்களுக்கு 'ப்ராஹிபிட்டட்'. "அது போலீஸ்காரன். லத்தியோட நிக்கும்." வாசலை மறித்து வண்டி நிறுத்துபவர்களுக்கு 'நாட் அலவ்ட்'. "இது வாட்ச்மேன். கொஞ்சம் கத்தும், அவ்ளோதான்." பால்கனியில் ஈரத்துணி சொட்டவிடுபவர்களுக்கு 'கைண்ட்லி அவாய்ட்'. "இது நம்ம பாஸ்டரம்மா. சிரிச்சிகினே சொல்லும்." எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "ஒருத்தனும் படிக்கிறதில்ல. நான் ஒரு ஆளு, உக்காந்து காரம் பாத்துகினு கீறேன்" என்று தொப்பை குலுங்கச் சிரிப்பார். நேருக்கு நேர் நின்று ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழாது. அட்டையை மாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்த முறை சிக்கல் வீட்டுக்குள்ளேயே முளைத்திருக்கிறது. மனைவி ஜெயசீலி மொட்டை மாடியில் நெத்திலி காயவைக்கிறார். அதற்கு நேர் கீழ்வீட்டில் இருப்பவள் அகல்யா, ஈரோட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண். மசக்கை. கருவாட்டு வாடை பட்டாலே குடலைப் புரட்டுகிறது, நாலு வாய் சோறு வயிற்றில் தங்குவதில்லை. போன வாரம் படிக்கட்டில் ரிச்சர்டைப் பிடித்து, "மாடியில மீன் மட்டும் வேண்டாமுங்க அங்கிள். ஆன்ட்டிகிட்ட எம் பேரச் சொல்லீறாதீங்க" என்றாள். வெளுத்துப்போன அந்த முகத்தைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

'ப்ராஹிபிட்டட்' என்று போட்டால் நெத்திலிக் குழம்பு கிடையாது, வீட்டில் பேச்சும் கிடையாது. 'கைண்ட்லி' என்று போட்டால் ஜெயசீலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது, மனைவியை நினைத்தால் பயமாக இருக்கிறது. தாள் தாளாக அடித்து எழுதி, கடைசியில் 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி ரிக்வெஸ்டட் டு ரிஃப்ரெயின்' என்று ஒன்றைப் பிடிக்கிறார். தனக்கே அது அரைகுறையாகத்தான் புரிகிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. யாருக்கும் கோபம் வராது அல்லவா?

லேமினேட் செய்த சூட்டோடு மாடியேறுகிறார். அங்கே ஜெயசீலியின் எதிரில் அகல்யா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பொறுக்கமாட்டாமல் அவளே ஏறி வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு மூணாவது மாசமுங்க. இந்த வாடைக்கு வாந்தியா வருது. தப்பா எடுத்துக்காதீங்க."

ஜெயசீலி பதறிப்போகிறார். "அடிப்பாவி, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நீ கீழ போ கண்ணு, நிக்காத. எலுமிச்சங்கா ஊறுகா அனுப்பறேன்."

அவள் இறங்கிப் போவதற்குள் காக்கை கொத்தாமலிருக்க நெத்திலிமேல் போட்டிருந்த வலையை உருவத் தொடங்கிவிட்டார். குனிந்தபடியே கணவரைப் பார்க்கிறார். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமா தெரியும்."

"அப்ப வாயில இன்னா, கொழுக்கட்டையா? பாவம், அந்தப் பொண்ணு ஒரு வாரமா சோறு துன்னாம கீது!"

ரிச்சர்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதோடு தன்னை நினைத்துச் சிரிப்பும் வருகிறது. "நல்ல வார்த்தையா தேடிகினு இருந்தேன் ஜெயா" என்கிறார்.

"கிழிச்சீங்க. இத்த அள்ளணும், முறம் எங்க?"

முறம் கீழே வீட்டில் இருக்கிறது. ரிச்சர்ட் அட்டையின் இரண்டு ஓரங்களையும் வளைத்துப் பிடித்து, மனைவியின் முன்னால் குனிந்து நீட்டுகிறார். முதல் கை நெத்திலி 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' மேல் விழுகிறது.